கைக்கடக்கம்

முந்நூற்று நாற்பது டாலர், வங்கி உறையில்.
மேலே பென்சிலில் "கார் டயர்" என்று எழுதி
அடித்திருந்தது.
ட்ரூடி ஹேஸ்லெட் அதைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.
மிசௌரியில், செடாலியாவில், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
எங்கள் அடகுக் கடை.
முன்னால் கிதார்கள், நடுவில் துளைபோடும் மெஷின்கள்,
பின்னால், என் பொறுப்பில், இவை.

"கைக்கு அடக்கமா, விலைக்கு அடக்கமா,
சட்டைக்குள்ள அடக்கமா ஒண்ணு."
ஒரே மூச்சில் சொன்னாள்.
வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருப்பாள்.
இன்னொரு அடக்கமும் உண்டு.
அதை அவள் சொல்லவில்லை, நானும்.

யாருக்குப் பயம் என்று கேட்பதில்லை நான்.
எங்கே வேலை என்று கேட்பேன்.
கோழி ஆலை, இரண்டாம் ஷிஃப்ட்.
வண்டி நிறுத்துமிடத்தில் ஏழு கம்பம்,
எரிவது இரண்டு.
ஒரு நீல வேனைப் பற்றி ஆரம்பித்து
நிறுத்திக்கொண்டாள்.

எல்லோரும் கேட்கிற குட்டியை முதலில் எடுத்தேன்.
மேல்பாகத்தைப் பின்னால் இழுக்க வரவில்லை அவளுக்கு.
எட்டு வருஷம் இறக்கை வெட்டிய மணிக்கட்டு.
"நீ இழுத்துக் குடுத்துட்டா போதும்."
அந்த நேரம் நான் அங்கே இருக்க மாட்டேனே, அம்மா.

அடுத்தது புத்தம்புதுசு, பளபளப்பு,
இருநூறுக்கும் கீழே.
நானே சுட்டுப் பார்த்திருக்கிறேன்:
மூன்றாவது தோட்டாவில் விக்கும்,
ஐந்தாவதில் தொண்டை அடைத்துக்கொள்ளும்.
விற்றால் எனக்குக் கமிஷன் அதிகம்.
ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்துவிட்டு
உள்ளே போட்டேன்.

கடைசியில் ஒரு ரிவால்வர், ஐந்து தோட்டா,
ஓய்வுபெற்ற சிறைக் காவலர் ஒருவருடையது.
பூச்சு உரிந்திருக்கும். உள்ளே எண்ணெய் மணக்கும்.
பிடியில் அவர் கட்டைவிரல் தேய்த்த வழவழப்பு.
விசை கனம்தான்.
ஆனால் இழுத்தால் சுற்றும், சுற்றினால் வெடிக்கும்,
அதற்கு வேறு எதுவும் தெரியாது.
இரண்டு கையும் சேர்த்துப் பிடித்தாள். வந்தது.

இதற்கென்றே ஒரு நாற்காலி வைத்திருக்கிறேன்.
உட்காரச் சொன்னேன்.
குனிந்து ஷூ நாடா கட்டச் சொன்னேன்.
மேல் அலமாரியில் கிதாரைத் தொடச் சொன்னேன்.
சட்டை ஏறியது, பிடி எட்டிப் பார்த்தது.
ஓரளவு பெரிய சட்டை, தடித்த பெல்ட்.
பெல்ட்டின் விலை கேட்டு விசிலடித்தாள்.
துப்பாக்கி இருநூற்று எண்பது, உறை முப்பது,
தோட்டா ஒரு பெட்டி.
மிச்சம் நாலு டாலர்.
பெல்ட் அடுத்த மாசம்.

பதினெட்டு நாள் கழித்து வந்தாள்.
பெல்ட்டுக்கு என்று நினைத்தேன்.
தோட்டாவெல்லாம் உருவி
அதை உறையோடு கவுண்டரில் வைத்தாள்.
மகனுக்கு இன்ஹேலர்.
நூற்றுப்பத்து கொடுத்தேன்.
சம்பள வெள்ளியன்று மீட்டாள்.
மறுபடி அதே படிவம்:
நீ தேடப்படும் குற்றவாளியா?
இல்லை.
கட்டம் கட்டமாக, இல்லை, இல்லை, இல்லை.
அடுத்த மாசம் இருபத்திரண்டாம் தேதி திரும்ப வந்தது.
இது ஏழாவது முறை.

மூன்று வாரம் அவள் இடுப்பில்.
மாசக் கடைசியில் என் பெட்டகத்தில்,
கழுத்தில் சீட்டுக் கட்டி.
நீல வேனுக்குத் தேதி தெரியுமோ என்னவோ.

நல்ல பொருள்தான் விற்றேன்.
ஞாயிற்றுக்கிழமை பழைய கல்குவாரியில் சுட்டாளாம்,
ஒருதரம்கூட மக்கர் செய்யவில்லை என்றாள்.
விலைகூடக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன்.
இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

நேற்று இருபத்தாறு. தூக்கம் வரவில்லை.
நள்ளிரவில் வண்டியை எடுத்து
கோழி ஆலைப் பக்கம் போனேன், சும்மா.
ஒரு விளக்குத்தான் எரிந்தது.
சாவியை விரலிடுக்கில் நீட்டிப் பிடித்தபடி
அவள் வந்துகொண்டிருந்தாள்.
வலது கை இடுப்புக்குப் போனது,
இல்லாததைத் தொட்டது,
சட்டையை மட்டும் இழுத்துவிட்டது.

நான் தான் என்று சொல்ல
வண்டியை மெதுவாக்கினேன்.
என் விளக்கு அவள் முதுகில் விழுந்தது.
ஓடத் தொடங்கினாள்.